பிள்ளை சுமக்கும் பையின் எடை என்ன? – முதுகுவலியைத் தடுக்கப் பெற்றோரும் பாடசாலையும் செய்யக்கூடியவை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் கண்டக்குழி ஒரு மீனவக் கிராமம். இங்கு கரைக்கு வரும் மீன் தராசு ஏறாமல் கைமாறுவதில்லை. ஐஸ், எரிபொருள் என்று எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் காலையில் மணலில் கால் புதையப் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையின் முதுகில் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. "பாரம்தான்" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மீனவர் பிரச்சினைகளைப் பற்றி எழுதுவதற்காக இந்தக் கரையோரக் கிராமங்களுக்குச் சென்றுவரும் போது, தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்ட முறைப்பாடு ஒன்று உண்டு. பாடசாலையால் வரும் பிள்ளை முதுகு நோகிறது, தோள் நோகிறது என்று சொல்லிப் படுத்துவிடுகிறது என்பதே அது. சிலர் பிள்ளையின் முதுகு வளைந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர் பாடசாலைக்குப் போகாமல் இருக்கப் பிள்ளை சாட்டுச் சொல்கிறது என்று நினைக்கிறார்கள். இரண்டு முடிவுக்கும் வர முன்னர் பையை ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. பையைக் கனக்கச் செய்வது பெரும்பாலும் பெரியவர்களின் ஏற்பாடுகளே. அதனால் அதைக் குறைப்பதும் பெரியவர்களின் கையிலேயே இருக்கிறது.

எவ்வளவு எடை வரை சுமக்கலாம்?

வைத்தியர்களும் கல்வித் திணைக்களங்களும் பல நாடுகளில் சொல்லும் பொதுவான அளவு, பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. இந்திய மத்திய அரசு 2020 இல் வெளியிட்ட பாடசாலைப் பைக் கொள்கை 10 சதவீதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. அதன்படி முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பாலர் வகுப்புக்குப் பையே தேவையில்லை.

கணக்கு எளிது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2 கிலோ, 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ, 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. இதில் வெறும் பையின் எடை, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அடங்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு லீற்றர் போத்தலை நிரப்பிக் கொடுத்தால் அனுமதிக்கப்பட்ட சுமையில் பாதி தண்ணீரோடு முடிந்துவிடும்.

எடை பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். வாடியில் மீன் நிறுக்கும் தொங்கு தராசில் பையைக் கொளுவிப் பார்க்கலாம். கடைத் தராசும் போதும். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால், பிள்ளையைப் பையோடு ஒருமுறையும் பையில்லாமல் ஒருமுறையும் நிறுத்திக் கழித்துப் பாருங்கள். இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். 10 சதவீதத்தைத் தாண்டிய உடனே ஆபத்து என்று பொருள் இல்லை. அது பாதுகாப்பான பக்கத்தில் நிற்பதற்கான ஓர் அளவு மட்டுமே.

பாரம் ஏறும்போது உடலில் என்ன நடக்கிறது?

முதுகில் பாரம் ஏறினால் அது உடலைப் பின்னுக்கு இழுக்கும். விழாமல் இருப்பதற்காகப் பிள்ளை இடுப்பிலிருந்து முன்னுக்குச் சாய்கிறது. தலையும் முன்னுக்கு நீளுகிறது. கழுத்து, தோள், கீழ் முதுகுத் தசைகள் வழமையை விட அதிகமாக வேலை செய்கின்றன. மெல்லிய பட்டி தோளில் அழுத்தினால் கையில் விறைப்பும் வரலாம். ஒரே தோளில் போட்டால் உடல் ஒரு பக்கம் சாயும். மணலில் கால் புதைய நடப்பதற்கே கூடுதல் உழைப்பு வேண்டும் என்பதால், அதே பை தார் வீதியை விட இங்கே கூடுதலாகக் களைப்பூட்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சான்டியாகோ ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 11 வயதான 8 பிள்ளைகள் 4, 8, 12 கிலோ பைகளுடன் நிற்கும்போது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது. பாரம் கூடக்கூட முள்ளந்தண்டுகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் அழுத்தப்படுவதும், பிள்ளைகள் சொன்ன வலி கூடுவதும் பதிவாகின. இது எட்டுப் பிள்ளைகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு. பாரம் முதுகில் இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

பை மட்டுமா காரணம்?

இந்த இடத்தில் பெற்றோர் அறிய வேண்டிய இன்னொரு உண்மையும் இருக்கிறது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் 69 ஆய்வுகளை, 72,000 க்கும் அதிகமான பிள்ளைகளின் தரவுகளோடு, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தனர். பையின் எடையோ வடிவமோ பிள்ளைகளுக்கு நீண்டகால முதுகுவலியை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே அவர்களின் முடிவு. ஆனால் பை கனமாக இருக்கிறது, தூக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளையே உணர்வதற்கும் வலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை அவர்கள் குறிப்பிட்டனர்.

இங்கிலாந்தின் வடமேற்கில் 11 முதல் 14 வயது மாணவர்களிடையே செய்யப்பட்டு 2000 களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை முந்திய மாதத்தில் கீழ் முதுகுவலி இருந்ததாகச் சொன்னது. அங்கே வலியோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது பையின் எடை அல்ல. மனக் கஷ்டங்களும், தலைவலி, வயிற்றுவலி போன்ற வேறு வலிகளும்தான்.

எங்கள் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. போரில் காயப்பட்ட தந்தை, இடுப்பு வலியோடு கூலி வேலைக்குப் போகும் தாய், காணாமற்போன ஒருவருக்காக இன்னும் காத்திருக்கும் பாட்டி ஆகியோரோடு ஒரு பிள்ளை வளரும்போது, வலி என்பது அந்த வீட்டின் அன்றாடப் பேச்சாக இருக்கிறது. நாட்பட்ட வலியுள்ள பெற்றோரின் பிள்ளைகள் தாங்களும் வலியை அதிகம் முறையிடுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த வலி பொய் அல்ல. ஆகவே பையைக் குறைத்த பிறகும் வலி தொடர்ந்தால், வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, பாடம் விளங்கவில்லையா, இரவில் நித்திரை வருகிறதா என்றும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு பயத்தையும் விட்டுவிடலாம். வளர்பருவத்தில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளையும் நிலை நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஏற்படக்கூடும். புத்தகப்பை சுமப்பதால் அது வருவதில்லை.

அப்படியானால் பையை ஏன் குறைக்க வேண்டும்? களைப்பு, தோள் நோவு, தடுக்கி விழுதல் ஆகியவை பிள்ளை இன்றைக்கே அனுபவிப்பவை. அவற்றைக் குறைக்கப் பணம் தேவையில்லை. அந்தக் காரணமே போதும்.

பை ஏன் கனக்கிறது?

சில பைகளைப் பெற்றோரின் முன்னிலையில் பிள்ளைகளோடு சேர்ந்து திறந்து பார்த்தேன். அன்றைய நேரசூசியில் இல்லாத பாடங்களின் கொப்பிகள் இருந்தன. முடிந்த தவணையின் கொப்பிகள் இருந்தன. பாதி குடித்த தண்ணீர், உடைந்த கொம்பாஸ் பெட்டி, தம்பியின் விளையாட்டுச் சாமான்கூட இருந்தது. எடையில் முதலிடம் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளுக்கே. ஒவ்வொரு பாடத்துக்கும் தடித்த சீ.ஆர். கொப்பி கேட்கப்படும்போது பை தானாகவே நிறைந்துவிடுகிறது.

ஏன் எல்லாவற்றையும் கொண்டு போகிறாய் என்று கேட்டால், கொப்பி கொண்டு வராவிட்டால் ரீச்சர் ஏசுவார் என்பது முதல் பதிலாக வந்தது. பாடசாலை முடிந்து நேரே பிரத்தியேக வகுப்புக்குப் போவதால் அந்தக் கொப்பிகளும் உள்ளே இருப்பது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகள் சொல்லவில்லை. வீடுகளைப் பார்த்தபோதே அது விளங்கியது. புத்தகம் வைக்க மேசையோ அலுமாரியோ இல்லாத, மழைக்கு ஒழுகும் வீட்டில் பைதான் அலுமாரி. எல்லாப் புத்தகமும் அதற்குள் இருந்தால் நனையாது, தொலையாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். வன்னியில் 2009 வரை இடம்பெயர்ந்து திரிந்த குடும்பங்களின் அனுபவமும் நமக்குத் தெரியும். கையில் எடுத்த ஒரு பையோடு வீட்டை விட்டு வெளியேறிய தலைமுறைக்கு, எல்லாவற்றையும் ஒரே பையில் ஆயத்தமாக வைத்திருப்பது பாதுகாப்பு. பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை அறிக்கையையும் அப்படிக் காப்பாற்றியவர்கள் பலர். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையை இப்போது தினமும் சுமப்பது எட்டு வயதுப் பிள்ளை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எடுத்த வழி

அயலில் இந்தியாவில் இந்தப் பிரச்சினை நாடாளுமன்றம் வரை சென்றது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989 இல் அங்கே பேசியபோது, பிள்ளைகள் சுமக்கும் புத்தகப்பையையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டார். பின்னர் இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1993 இல் அறிக்கை தந்தது. பையின் பாரத்தைவிட, விளங்காமல் படிக்க வேண்டியிருப்பதே பெரிய பாரம் என்று அந்தக் குழு சொன்னது.

தமிழ்நாடு அரசு 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்கான பாடநூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், பிள்ளை அந்தப் பருவத்துக்கான நூலை மட்டும் சுமந்தால் போதும் என்றானது. 2018 இல் சென்னை உயர் நீதிமன்றமும் பையின் எடையைக் குறைக்கும்படி உத்தரவிட்டது.

இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களின் நூல்கள் ஏற்கெனவே பாகம் பாகமாகவே அச்சிடப்படுகின்றன. தரம் 11 கணித நூல் மூன்று பாகங்கள். ஆனால் எல்லாப் பாகங்களையும் ஒன்றாகச் சுமக்கும் பிள்ளைகளை நான் கண்டேன். எந்தப் பாகம் இப்போது நடக்கிறது என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவை வீட்டில் இருக்கும்.

பை வாங்கும்போதும் அன்பளிக்கும்போதும்

பிள்ளையின் முதுகை விட அகலமான பை வேண்டாம். "வளர்ந்த பிறகும் பாவிக்கலாம்" என்று பெரிய பை வாங்கினால், இடம் இருக்கிறதே என்று அது நிறைந்துவிடும். பையின் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு மேல் தொங்கக்கூடாது. தோள் பட்டிகள் இரண்டும் அகலமாக, உள்ளே பஞ்சு வைத்தவையாக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். வெறும் பையே கனமாக இருந்தால் அதைத் தவிர்க்கவும். சில்லுப் பூட்டிய இழுவைப் பை மணல் வழிக்கும் படிக்கட்டுக்கும் உதவாது.

புலம்பெயர் உறவுகளும் தொண்டு அமைப்புகளும் ஜனவரி வந்தால் பைகள் அன்பளிப்பது வழக்கம். எல்லோருக்கும் ஒரே அளவுப் பை வாங்காமல், ஆரம்பப் பிரிவுக்குச் சிறியதும் மேல் வகுப்புகளுக்குப் பெரியதும் என இரண்டு அளவில் வாங்குங்கள். வகுப்பறைக்கு ஒரு புத்தகத் தட்டு செய்து கொடுப்பதும் பை கொடுப்பதற்குச் சமமான உதவியே.

பையைப் போடும் முறை

பாரமான நூல்களை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். பென்சில் பெட்டி போன்ற சிறிய பொருட்கள் முன் அறையில் இருக்கட்டும். இரண்டு பட்டிகளையும் இரண்டு தோளிலும் போட்டு, பை முதுகோடு ஒட்டியிருக்கும்படி இறுக்க வேண்டும். நிலத்தில் இருக்கும் பையைக் குனிந்து சுழற்றித் தூக்காமல், முழங்காலை மடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். கதிரையில் வைத்துவிட்டுத் தோளைக் கொடுப்பது இன்னும் இலகு. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் பையைக் கழற்றி மடியிலோ காலடியிலோ வைக்க வேண்டும். நிற்கும் பிள்ளையின் பையை அமர்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் பஸ்களில் இருக்கிறது. அது தொடரட்டும்.

இரவில் ஐந்து நிமிடம்

நேரசூசியின் பிரதி ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். படுக்க முன்னர் பிள்ளையே பையை முழுதாக வெளியே எடுத்து, நாளைய பாடங்களை மட்டும் திரும்ப அடுக்கட்டும். பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும். மீதி நூல்களுக்கு வீட்டில் நனையாத ஓர் இடம் வேண்டும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, சுவரில் அடித்த பலகை, கூரையோரம் கட்டிய ஒரு பொலித்தீன் பை என எதுவும் போதும். இந்த இடம் இல்லாவிட்டால் மற்றைய ஆலோசனைகள் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது.

பாடசாலையில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லீற்றர் போத்தல் கொடுத்து அங்கே நிரப்பச் சொல்லலாம். நீர் நம்பகமானது அல்ல என்றால் பாரத்துக்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். வெயில் அடிக்கும் கரையோரத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் அவசியம். கொப்பியைக் குறையுங்கள்.

பாடசாலையிடம் கேட்கக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் நான்கு விடயங்களைக் கேட்கலாம். நேரசூசியை இடைநடுவில் மாற்றாமல் இருப்பது. சித்திரம், சமயம் போன்ற பாடங்களின் கொப்பிகளை வகுப்பிலேயே வைக்க ஒரு தட்டு. சீ.ஆர். கொப்பிக்குப் பதிலாக மெல்லிய கொப்பிகளை, முடிந்ததும் மாற்றும்படி அனுமதிப்பது. ஒரே மேசையில் இருக்கும் இரு பிள்ளைகள் ஒரு பாடநூலைப் பகிர்ந்து பார்க்க விடுவது. இவற்றில் தட்டு ஒன்றுக்குத்தான் பணம் வேண்டும். கொப்பியை மறந்த பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று அதிபர் அறிவித்தால், பாதிப் பை அன்றே குறையும்.

அசைவும் முதுகுக்கு மருந்து

நாள் முழுவதும் வாங்கில் இருந்து, பின்னேரம் பிரத்தியேக வகுப்பில் இருந்து, இரவில் கைப்பேசிக்குக் குனிந்து இருக்கும் பிள்ளையின் முதுகுத் தசை பலப்படுவதற்கு வாய்ப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடல் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. கடற்கரையில் பந்தடித்தால் அது தானாகக் கிடைத்துவிடும். இந்த விடயத்தில் பெண் பிள்ளைகளுக்குத்தான் குறைவு ஏற்படுகிறது. பருவமடைந்த பிறகு அவர்களின் விளையாட்டை நிறுத்திவிடும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். முதுகு நோகிறது என்று நாட்கணக்காகப் படுக்கவைப்பதும் பயன் தராது.

எப்போது வைத்தியரைப் பார்க்க வேண்டும்?

பையால் வரும் நோவு பை இறங்கினால் குறையும், ஓய்வில் மாறும். கீழ்வரும் நிலைகளில் பையைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக்கூடாது:

- இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வலி
- காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மையோடு சேர்ந்த வலி. முள்ளந்தண்டைப் பாதிக்கும் காசநோயும் இப்படி வரலாம்
- விழுந்த பிறகோ அடிபட்ட பிறகோ தொடங்கிய வலி
- பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைக்கு வரும் முதுகுவலி
- நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது நாளுக்கு நாள் கூடும் வலி
- குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து தெரிவது

காலில் விறைப்போ பலவீனமோ ஏற்பட்டால், அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மற்றைய நிலைகளில் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ உள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். தேவையானால் அங்கிருந்து எலும்பு வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பாடசாலைகளில் நடத்தும் மருத்துவப் பரிசோதனை நாளில், பிள்ளைக்கு முதுகுவலி இருப்பதை ஒரு துண்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் பிள்ளை அதைச் சொல்லக் கூச்சப்படும். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, பையை இறக்கினால் குறைகிறதா என்ற மூன்றையும் அதில் குறித்துவிட்டால், வைத்தியருக்கும் வேலை இலகு.